அரையணாத் தீர்ப்பு

ஐம்பது ரூபாய்க்கு ஒரு பகத்சிங் படம் வாங்கினேன்.

தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் விரிந்து கிடந்த பழைய புத்தகச் சந்தையை 2019இல் ஆசஃப் அலி சாலையிலுள்ள மகிளா ஹாட் வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள். நடைபாதையில் குனிந்து தேடிய சுகம் வளாகத்துக்குள் இல்லை என்றாலும் மாதம் ஒருமுறையாவது போய்விடுகிறேன். மயூர் விஹாரில் மெட்ரோ ஏறி, மண்டி ஹவுஸில் மாறி, தில்லி கேட்டில் இறங்கினால் சந்தை பக்கம்தான். அன்றைக்கு ஒரு பெரியவரின் விரிப்பில் பழைய காலண்டர் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. லட்சுமி, சரஸ்வதி, பாலகிருஷ்ணன், நேரு. அவற்றுக்கு நடுவே ஓரம் பழுத்துப்போன ஒரு தாளில் தொப்பி வைத்த பகத்சிங். சிவந்த கன்னம், ரோஜா நிற உதடு, பின்னால் மஞ்சள் ஒளிவட்டம்.

வீட்டுக்கு வந்து மேசையில் விரித்தேன். சட்டம் படிக்கும் என் மகள் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். “அம்மா, இது அவரை அரெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி எடுத்த படமா, அப்புறம் எடுத்ததா?”

எத்தனையோ வருஷமாகப் பார்த்த படம். எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை.

முன்னாடி எடுத்த படம்தான். 1929 ஏப்ரல் 8ஆம் தேதி மத்திய சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாட்கள் முன்பு, பகத்சிங்கும் படுகேஷ்வர் தத்தும் காஷ்மீரி கேட்டில் இருந்த ராம்நாத் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். குண்டு வீசிவிட்டுத் தப்பி ஓடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. பிடிபட வேண்டும், வழக்கு நடக்க வேண்டும், அந்த வழக்கின் வழியாக நாட்டோடு பேச வேண்டும் என்பதே திட்டம். அப்படியானால் பத்திரிகைகளுக்கு ஒரு முகம் தேவைப்படும். போலீஸ் எடுக்கும் படத்தைக் கொண்டு மக்கள் தங்களை அடையாளம் காணக் கூடாது என்று அந்த 21 வயதுப் பையன் யோசித்திருக்கிறான். கைதான சில நாட்களிலேயே தொப்பி வைத்த படம் பத்திரிகைகளில் வந்துவிட்டது. பார்த்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது நேராகப் பார்க்கும், நன்றாக உடுத்திய, படித்த ஓர் இளைஞன். பயங்கரவாதி என்று அரசு எத்தனை தடவை சொன்னாலும் அந்த முகத்தோடு அந்தச் சொல் ஒட்டவில்லை.

விசாரணை தில்லிச் சிறைக்குள்ளேயே நடந்தது. அந்தச் சிறை இருந்த இடத்தில் இப்போது மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நான் படம் வாங்கிய இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த ஆசஃப் அலிதான் அந்த வழக்கில் தத்துக்காக வாதாடியவர், பகத்சிங்குக்குச் சட்ட யோசனை சொன்னவர். ஜூன் 6ஆம் தேதி இருவரின் அறிக்கையும் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டது. ஜூன் 12ஆம் தேதி நீதிபதி மிடில்டன் ஆயுள் தண்டனை விதித்தார். பிறகு, ஒரு போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றதற்காக லாகூர் சதி வழக்கு, அதற்கென்றே அவசரச் சட்டத்தில் அமைத்த தீர்ப்பாயம், 1930 அக்டோபர் 7ஆம் தேதி தூக்குத் தண்டனை, 1931 மார்ச் 23ஆம் தேதி தூக்கு.

சிறைச் சுவருக்குள் நடக்கும் விசாரணையை எத்தனை பேர் நேரில் பார்க்க முடியும்? பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்களே அப்போது குறைவு. மற்றவர்களுக்கெல்லாம் வழக்கு என்பது சுவரில் ஒட்டிய படம்தான். லாகூரிலும் கான்பூரிலும் அச்சகங்கள் இரவு பகலாகப் படம் போட்டன. கான்பூர் சௌக்கில் ஷ்யாம் சுந்தர் லால் என்பவர் வெளியிட்ட படங்கள், குறிப்பாகப் பிரபு தயாள் வரைந்தவை, பெயர்பெற்றவை. பகத்சிங் தன் தலையைத் தானே ஏந்திப் பாரத மாதாவுக்குக் கொடுப்பது போன்ற படங்கள் இந்த வரிசையில் வந்தவை. அரசு தடை போட்டது, கடைகளில் புகுந்து அள்ளிப் போனது. அப்படி அள்ளிப் போய்க் கோப்பில் கட்டி வைத்ததால்தான் இன்று ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்திலும் லண்டனிலும் அவற்றைப் பார்க்க முடிகிறது.

நம் பக்கம் வந்தால், தூக்கிலிட்ட ஆறாம் நாள், 1931 மார்ச் 29ஆம் தேதி, பெரியார் குடிஅரசில் பகத்சிங் பற்றித் தலையங்கம் எழுதினார். தமிழில் பகத்சிங் பாட்டுப் புத்தகங்கள் வந்தன, சென்னை மாகாண அரசு அவற்றையும் தடை செய்தது. பஞ்சாபில் பிறந்து லாகூரில் செத்துப்போன ஒருவனுக்காகத் தெற்கே ஒரு கிராமத்தில் ஒரு தாய் தன் பிள்ளைக்குப் பெயர் வைத்தாள் என்றால், அதில் அந்தப் பாட்டுக்கும் தொப்பிப் படத்துக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதையெல்லாம் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் இன்னொன்று கேட்டாள். “அந்த லாகூர் கேஸ்ல செத்தது யார் யாரும்மா?”

சாண்டர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி. அவருக்கும் 21 வயதுதான். ஆள் மாறிச் சுட்டுவிட்டார்கள். அப்புறம் சனன் சிங் என்ற ஏட்டு. 1928 டிசம்பர் 17ஆம் தேதி, சுட்டவர்களைத் துரத்திக்கொண்டு ஓடி உயிரை விட்டவர். நம்மூர் ஆள், சம்பளத்துக்கு வேலை பார்த்த ஆள். நான் பார்த்த எந்தப் படத்திலும் அவர் இல்லை. பகத்சிங்கின் மீது எனக்குள்ள மரியாதை இதனால் ஒரு இம்மியும் குறையவில்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னை எங்கோ பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

எனக்குச் சொந்த ஊர் மானாமதுரை. என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவரிடம் கொலைச் சிந்துப் புத்தகங்கள் ஏழெட்டு இருந்தன. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்காவது ஒரு கொலை நடந்தால், அதைப் பாட்டாகக் கட்டி, எட்டுப் பக்கத்தில் மட்டமான தாளில் அச்சடித்து விற்பார்கள். விற்பவர் சந்தையிலோ ரயிலடியிலோ நின்று டேப் என்ற கைப்பறையை அடித்துக்கொண்டு பாடுவார். கொலை நடந்த விதம், கொன்றவன் மனசு, செத்தவள் அழுகை, கடைசியில் கோர்ட்டுத் தீர்ப்பு, உலகத்தாருக்குப் புத்தி. கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அரையணாவை எடுத்துக் கொடுப்பார்கள். முகப்பில் ஒரு படம் இருக்கும். ஓங்கிய அரிவாள், விரிந்த தலைமுடி, அவ்வளவுதான். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாததால் அந்தப் படத்தை வைத்துத்தான் எந்தப் புத்தகம் எது என்று கண்டுபிடிப்பார். பாட்டு முழுக்க மனப்பாடம்.

அவர் அடிக்கடி பாடியது ஆளவந்தார் கொலையை. அதற்குக் காரணம் உண்டு. 1952 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் ஆளவந்தார் என்ற வியாபாரி கொலை செய்யப்பட்டார். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. தலையில்லாத உடலை டிரங்குப் பெட்டிக்குள் வைத்து ராமேஸ்வரம் பக்கம் போகும் போட் மெயிலில் ஏற்றிவிட்டார்கள். நாற்றம் தாங்க முடியாமல் பயணிகள் சொல்ல, பெட்டியைத் திறந்து பார்த்த இடம் மானாமதுரை ஸ்டேஷன். அப்பத்தா அப்போது ரயில்வே காலனிக்குப் பக்கத்தில் குடியிருந்தார். ஊரே ஸ்டேஷனுக்கு ஓடியது என்று சொல்வார். பெட்டியை அவர் பார்த்தாரா என்று நான் எத்தனை முறை கேட்டும் நேராகப் பதில் வந்ததில்லை. ஆனால் கதை அவருக்குள் முழுசாக இருந்தது. அது அவர் கண்ணால் பார்த்த கதையில்லை, சிந்து சொன்ன கதை.

தேவகி என்ற பெண்ணும் அவர் கணவர் பிரபாகர மேனனும் அந்த வழக்கில் குற்றவாளிகள். தேவகிக்கு ஆளவந்தார் தொல்லை கொடுத்தார் என்பது வழக்கில் வந்த பேச்சு. மேனனுக்கு ஏழு வருஷம், தேவகிக்கு மூன்று வருஷம் தண்டனை. வழக்கை விசாரித்த நீதிபதி பஞ்சாபகேச அய்யருக்கு அந்தத் தம்பதி மீது இரக்கம் இருந்தது என்பதும், ஊர் மக்களில் பெரும்பாலோர் அவர்கள் பக்கமே நின்றார்கள் என்பதும் எல்லோரும் அறிந்த விஷயம். அப்பத்தாவும் அப்படித்தான். “பாவம் அந்தப் புள்ள” என்பார் தேவகியை. ஆளவந்தார் பேச்சு வந்தால் “போய்ச் சேந்தான், நல்லதாப் போச்சு” என்று முடித்துவிடுவார்.

ஆளவந்தாருக்கும் ஒரு மனைவி இருந்தார் என்பதைக் கல்லூரிக் காலத்தில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வராத கணவனைத் தேடி அலைந்தவர் அவர். அப்பத்தா பாடிய பாட்டில் அந்த அம்மா ஒரு வரியில்கூட வந்ததாக எனக்கு நினைவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனபோது கேட்டேன். அப்பத்தா கொஞ்ச நேரம் வெற்றிலை மடித்துக்கொண்டே இருந்தார். “ஆமா, அவளுக்குன்னு யாரும் பாட்டுக் கட்டலையே” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அவர் பாடவும் இல்லை.

நம் ஊர்க் கதையை அப்படியே வங்காளத்தில் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1873 மே 27. தாரகேஸ்வர் பக்கத்தில் எலோகேஷி என்ற 16 வயதுப் பெண்ணை அவள் கணவன் நபீன் மீன் நறுக்கும் அரிவாள்மனையால் வெட்டிக் கொன்றான். தாரகேஸ்வர் கோயில் மடாதிபதிக்கும் அவளுக்கும் தொடர்பு என்று ஊரில் பேச்சு. அவளுடைய அப்பாவும் சிற்றன்னையுமே அவளை மடாதிபதியிடம் அனுப்பினார்கள் என்பதும் வெளியே வந்தது. நபீன் நேராகப் போலீஸிடம் போய் என்னைத் தூக்கில் போடுங்கள் என்று நின்றான். ஜூரிகள் அவனுக்குப் புத்தி பேதலித்திருந்தது என்று விடுவிக்கப் பார்த்தார்கள். நீதிபதி ஃபீல்டு ஒத்துக்கொள்ளாமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனையானது. மடாதிபதிக்கு மூன்று வருஷம் கடுங்காவலும் 2000 ரூபாய் அபராதமும். ஆனால் ஜனங்கள் நபீனை விடவில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். 1875இல் அவனுக்கு மன்னிப்பு கிடைத்தது.

இதில் படத்தின் பங்கு என்ன? கல்கத்தா காளிகாட் கோயில் வாசலில் படுவா என்ற ஓவியர்கள் உட்கார்ந்து, யாத்திரை வருகிறவர்களுக்குச் சில்லறைக் காசுக்குப் படம் வரைந்து விற்பார்கள். சாமி படம் விற்ற இடத்தில் இந்தக் கொலை வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு படத்தில் மடாதிபதி எலோகேஷிக்கு ஏதோ மருந்து கொடுக்கிறார். இன்னொன்றில் அவள் அவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கிறாள். அடுத்ததில் நபீன் அரிவாள்மனையை ஓங்குகிறான், அதற்கடுத்ததில் தலை தனியாக, உடல் தனியாக. அப்புறம் மரக்கட்டை அச்சுக்காரர்களும் கல்லச்சுக்காரர்களும் அதே காட்சிகளை எடுத்துக்கொண்டார்கள். நாடகமும் போட்டார்கள்.

சில படங்களில் மடாதிபதி சிறையில் செக்கு இழுக்கிறார். தமிழ் வாசகனுக்கு அங்கே ஒரு நொடி மனசு நின்றுவிடும். 1908க்குப் பிறகு கோயமுத்தூர்ச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு நமக்குக் கும்பிடத்தக்க பொருள். வங்காளத்தில் 35 வருஷம் முன்னால் அதே செக்கு ஒரு பெரிய மனுஷனை அவமானப்படுத்தக் காட்டிய பொருள். மரமும் அதே, மாட்டுக்குப் பதில் மனுஷனைக் கட்டும் கொடுமையும் அதே. இழுப்பவர் யார் என்பதை வைத்து ஜனங்கள் கைகொட்டவும் செய்தார்கள், கண்ணீர் விடவும் செய்தார்கள்.

எனக்கு அந்தப் படங்களில் எலோகேஷியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அழகாக வரைந்திருப்பார்கள். பெரிய கண், கரை போட்ட புடவை. ஆனால் அவள் கெடுக்கப்பட்டவளா, விரும்பிப் போனவளா என்று ஒவ்வொரு படமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். நீதிமன்றத்தில் நபீன் பேசினான், சாட்சிகள் பேசினார்கள், மடாதிபதியின் வக்கீல் பேசினார். பேச அவள் இல்லை. அவளுக்குப் பதிலாகப் படம் பேசியது, அதுவும் வாங்குகிறவர் விருப்பத்துக்கு ஏற்றபடி. வெட்டியவன் மீது இரக்கப்பட்ட அத்தனை ஆயிரம் கையெழுத்துகளையும் நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 16 வயது.

இங்கிலாந்தில் இந்தத் தொழில் இன்னும் பழையது, இன்னும் பெரியது. லண்டனில் ஜேம்ஸ் கேட்னாக் என்ற அச்சகக்காரர் ஒற்றைத் தாளில் கொலைப் பாட்டும் படமும் போட்டு விற்றவர். 1828இல் மரியா மார்ட்டன் என்ற பெண்ணைக் கொன்றதாக வில்லியம் கார்டரைத் தூக்கிலிட்டபோது அந்த ஒற்றைத் தாள் 11 லட்சத்துக்கு மேல் விற்றது என்று கணக்குச் சொல்வார்கள். கணக்கு கூடக் குறைய இருக்கலாம், ஆனால் தெருத்தெருவாக விற்றது நிஜம். இந்தத் தாள்களில் “தூக்கு மேடையில் குற்றவாளி சொன்ன கடைசிச் சொற்கள்” என்று இருக்குமே, அது தூக்குக்கு முன்னாலேயே அச்சாகிவிடும். தூக்கு மேடையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் விற்க வேண்டுமே. படமும் அப்படித்தான். தூக்கில் தொங்கும் மனிதனின் ஒரே மரக்கட்டையை எடுத்து எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கிறார்கள். ஆள் யாராயிருந்தாலும் கட்டை ஒன்றுதான்.

அந்தக் கட்டையைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2008இல் நாங்கள் ஜங்புராவுக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். அங்கே பாரப்புல்லா கால்வாய் ஓரம் மதராசி கேம்ப் என்று தமிழர் குடியிருப்பு ஒன்று இருந்தது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அங்கிருந்து எங்கள் வீட்டு வேலைக்கு ஓர் அக்கா வருவார். பாத்திரம் தேய்த்துக்கொண்டே ஊர்க்கதை பேசுவார். அவர் மகனுக்கு அப்போது 19 வயது, ஒரு கூரியர் கடையில் வேலை.

ஒருநாள் சாயங்காலம் வந்த ஒரு ஹிந்திப் பத்திரிகையில் ஒரு படம். மேசை மேல் ஒரு கத்தி, இரண்டு செல்போன், கொஞ்சம் பணம். மேசைக்குப் பின்னால் வரிசையாக நிற்க வைத்த நான்கு பையன்கள். இரண்டு பக்கமும் காவலர்கள். பையன்களில் ஒருவன் அவன். தலைப்பில் கொள்ளைக் கும்பல் என்று இருந்தது. இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் படம் தெரியும். ஆட்கள் மாறுவார்கள், மேசை மாறாது.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்தப் பையன் எங்கள் வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் தூக்கிக் கொடுத்தவன். என் மகளைத் தோளில் உட்கார வைத்துப் பூங்காவுக்குக் கூட்டிப் போனவன். ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்த நேரத்தில் எனக்கு இதெல்லாம் நினைவுக்கு வரவில்லை. கத்திதான் தெரிந்தது. அவன் கண்ணில் இருந்த பயம் எனக்குக் கள்ளத்தனமாகத் தெரிந்தது. மறுநாள் அக்காவிடம் இரண்டு நாள் வர வேண்டாம் என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வேலை பார்த்த ஐந்து வீட்டில் மற்ற நான்கும் அடியோடு நிறுத்திவிட்டன. நான் இரண்டு நாளில் கூப்பிட்டேன் என்பதை வைத்து என்னை நல்லவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஊர்ச் சந்தையில் அரையணா கொடுத்தவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர்களாவது அழுதார்கள்.

பையன் பதினான்கு மாதம் உள்ளே இருந்தான். பிறகு ஜாமீன். 2011இல் அவன் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. மூன்று நாள் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பா லட்டு கொண்டுவந்தார். வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார். “என் புள்ள மூஞ்சியப் பேப்பர்ல போட்டாங்கல்லம்மா, அவன் வெளிய வந்தத ஏம்மா போடல? நானும் மூணு நாளா வாங்கிப் பாக்கறேன்.” ஹிந்தி படிக்கத் தெரியாதவர், படம் வந்திருக்கிறதா என்று மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார்.

பழைய அச்சுப் படங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததுதான். ஹோகார்த் என்ற ஓவியர் 1733இல் சாரா மால்கம் என்ற பெண்ணைச் சிறையில் போய்ப் பார்த்து வரைந்திருக்கிறார். துணி துவைத்துப் பிழைத்தவள், 22 வயது. மூன்று கொலை செய்ததாகத் தீர்ப்பு. திருட்டில் பங்கு உண்டு, கொலையில் இல்லை என்று அவள் கடைசிவரை சொன்னாள். வரைந்த இரண்டு நாளில் தூக்கு. படம் ஆறு பென்னிக்கு விற்றது. அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவள் செய்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. இப்படிச் சொல்லவாவது கற்றுக்கொண்டேன்.

எல்லாப் படமும் ஆளைச் சாய்க்கப் பிறந்தவை என்று எண்ண வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த படம் ஒன்று பிரான்சில் இருக்கிறது. துலூஸ் நகரில் ழான் காலா என்ற துணி வியாபாரி. கத்தோலிக்க ஊரில் புராட்டஸ்டண்ட் குடும்பம். 1761 அக்டோபரில் ஒரு ராத்திரி அவருடைய மூத்த மகன் கடைக்குள் செத்துக் கிடந்தான். மகன் மதம் மாறப் பார்த்தான், அதனால் அப்பனே கொன்றுவிட்டான் என்று வாசலில் கூடிய கூட்டத்தில் யாரோ கத்த, அதுவே ஊர்ப்பேச்சாகி, அதுவே வழக்காகிவிட்டது. 1762 மார்ச் 10ஆம் தேதி அந்தக் கிழவரைச் சக்கரத்தில் கட்டி எலும்பை நொறுக்கிக் கொன்றார்கள். கடைசி மூச்சு வரை நான் செய்யவில்லை என்றார்.

பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் இந்த வழக்கைக் கையில் எடுத்து மூன்று வருஷம் எழுதினார், கடிதம் போட்டார், பெரிய இடங்களில் கதவைத் தட்டினார். 1765 மார்ச் 9ஆம் தேதி காலா குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. அந்த வருஷமே கார்மோன்தெல் என்பவர் வரைய, தெலாஃபோஸ் செதுக்க, ஒரு செப்புத்தகட்டு அச்சுப் படம் வந்தது. முன்பணம் கட்டியவர்களுக்குப் பிரதி. விற்ற பணம் காலா குடும்பத்துக்கு, வழக்கில் சொத்தெல்லாம் இழந்து நின்றார்களே அவர்களுக்கு.

அந்தப் படத்தில் சக்கரம் இல்லை. ரத்தம் இல்லை. சிறையில் ஓர் அறை. விதவைத் தாய் உட்கார்ந்திருக்கிறாள், பெண்கள் இருவர் பக்கத்தில், குடும்பத்தோடு சிறைப்பட்ட வயதான வேலைக்காரி பின்னால். அவர்களோடு குற்றம் சாட்டப்பட்ட இளம் நண்பன் ஒருவன் தாளைக் கையில் வைத்து வாசிக்கிறான், காலாவின் இன்னொரு மகன் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறான். அவர்கள் பக்கத்து வக்கீல் எழுதிய வாதம் அது. எல்லோரும் கவனமாகக் கேட்கிறார்கள். அவ்வளவுதான். ஒரு வீட்டில் கடிதம் வந்தால் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேட்போமே, அப்படி. பார்க்கிறவர்களை அழு என்று அது சொல்லவில்லை, ஆத்திரப்படு என்றும் சொல்லவில்லை. இவர்கள் உன்னைப் போன்ற குடும்பம் என்று மட்டும் காட்டுகிறது. என் கணிப்பில் வழக்குப் படங்களிலேயே நேர்மையானது இதுதான். வேலைக்காரியையும் விட்டுவிடவில்லையே. வால்தேர் இந்தப் படத்தைத் தன் கட்டிலின் தலைமாட்டில் மாட்டி வைத்திருந்தார்.

2025 ஜூன் மாதம் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. தகுதி உண்டு என்று பட்டியலில் வந்தவர்களுக்கு நகரத்தின் வடகோடியில் நரேலாவில் வீடு. அக்காவின் பெயர் பட்டியலில் இருந்தது. பகத்சிங் படம் வாங்கிய மறுவாரம் அவரைப் பார்க்கப் போனேன். மகள் கூட வந்தாள். அவளைத் தோளில் தூக்கியவனுக்கு இப்போது நரை விழுந்திருக்கிறது, இரண்டு குழந்தைகள். ஞாயிற்றுக்கிழமையும் டெலிவரி வேலைக்குப் போயிருந்தான்.

ஒற்றை அறை, ஒரு சிறிய சமையல்கட்டு. சாமான்கள் இன்னும் பாதி மூட்டையில். ஆனால் சுவரில் ஆணி அடித்துப் படங்களை மாட்டிவிட்டார். மேல்மலையனூர் அங்காளம்மன், முருகன், செத்துப்போன கணவர். அவற்றுக்குக் கீழே, கதவைத் திறந்ததும் நேரே கண்ணில் படும் இடத்தில், லேமினேட் செய்த ஒரு தாள். கோர்ட்டு முத்திரை, இங்கிலீஷில் டைப் அடித்த வரிகள், ஓரத்தில் மடிப்புக் கறை. பையனின் விடுதலை உத்தரவு.

மகள் கிட்டே போய் நின்று படிக்க ஆரம்பித்தாள். அக்கா டீயை அடுப்பில் வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“சத்தமாப் படி தாயி” என்றார். “நான் இத முழுசாக் கேட்டதே இல்ல. தமிழ்ல சொல்லிச் சொல்லிப் படி.”

மகள் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டார். பேரப்பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.